மையவாடியில் நாம் மூட்டிய தீ

சென்ற ஆண்டு ஜனவரி மாதம், அஸர் தொழுகைக்குப் பின் மக்தப் பிள்ளைகள் கலைந்துகொண்டிருந்த நேரம். கூலிக்கு விசைத்தறி ஓட்டும் ஒரு தந்தையும் அவருடைய மகளும் நம்மைக் காண வந்தனர். மகள் பன்னிரண்டு வயது வரை நம்மிடம் ஓதியவள். இப்போது சுற்றுச்சூழல் அறிவியலில் முதுகலை படிக்கிறாள். அவள் கையில் இருந்த தாளில் பதினெட்டாயிரம் ரூபாய்க்கு ஒரு கணக்கு எழுதப்பட்டிருந்தது: பேருந்துக் கட்டணம், ஜீப் வாடகை, அளவு நாடா, வழிகாட்டிக்கு நாட்கூலி, அச்சுச் செலவு. உடுமலைக்கு மேலேயுள்ள மலைச்சரிவுகளில் தீ எரிந்த இடத்தில் என்ன முளைக்கிறது, எரியாத இடத்தில் என்ன முளைக்கிறது என்று அளக்க வேண்டும். அங்கு வாழும் முதியோரிடம், அந்நாளில் எப்போது, எதற்காகத் தீ மூட்டினார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். இதுவே அவளுடைய ஆய்வு. பைத்துல்மாலிலிருந்து ஏதேனும் உதவி கிடைக்குமா என்று அவளுடைய அத்தா கேட்டார்.

நாம் என்ன செய்தோம் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறோம். நாம் சிரித்தோம். "காடு எரிஞ்சா அணைக்கறதுக்குத்தான் வனத்துறை இருக்குதே, அதுல படிக்கறதுக்கு என்னம்மா இருக்குது?" என்று கேட்டோம். பி.எட். சேர்ந்தால் ஆசிரியை ஆகலாமே என்று அறிவுரையும் கூறினோம். கடைசியில், "பார்க்கலாம்" என்றோம். 'பார்க்கலாம்' என்ற சொல்லுக்கு நம் மங்கலத்தில் என்ன பொருள் என்பதைக் கூலித் தறிக்காரருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. கூலி உயர்வு கேட்கும்போதெல்லாம் அவர் காதில் விழும் சொல் அது. இருவரும் ஸலாம் கூறிச் சென்றுவிட்டனர்.

நம் தயக்கத்தில் ஏளனம் மட்டும் இருக்கவில்லை, அச்சமும் இருந்தது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்தின் குரங்கணி மலையில் நடைபயணம் சென்றவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை நம் பகுதியினர் மறக்கவில்லை. அங்கு சென்றவர்களில் திருப்பூர், ஈரோட்டுக்காரர்களும் இருந்தனர். அந்த வாரம் முழுவதும் தேநீர்க் கடைகளில் அதே பேச்சு. அப்படியிருக்க, ஒரு பெண்பிள்ளையை அத்தகைய மலைக்கு நாமே பணம் கொடுத்து அனுப்புவதா? இதைச் சொன்னபோது, "அந்தத் தீ ஏன் அப்படி மேல ஏறிச்சுன்னு தெரிஞ்சுக்கத்தானே ஹஜ்ரத் இதைப் படிக்கறேன்" என்றாள். அன்று அதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை.

ஒரு மாதத்தில் ஷஅபான் பிறந்தது. பராஅத் இரவுக்கு முன் மையவாடியைத் துப்புரவு செய்வது நம் பொறுப்பு. (அவ்விரவின் ஜியாரத்தைப் பற்றிய கருத்து வேறுபாடுகளுக்குள் நாம் இங்கே செல்லவில்லை, மக்கள் வருகிறார்கள், காலில் முள் குத்தக் கூடாது, அவ்வளவே.) நாம் பல ஆண்டுகளாகக் கையாண்ட வழி எளியது. ஒரு காலைப்பொழுதில் நான்கு இளைஞர்களைச் சுற்றிலும் நிறுத்திவிட்டு, காய்ந்த புல்லுக்கும் முள்ளுக்கும் தீ வைத்துவிடுவோம். மதியத்துக்குள் தரை தெரியும். ஆள் கூலி மிச்சம்.

சென்ற ஆண்டு காற்று திரும்பியது. கிழக்கு மூலையில் நின்ற வேம்பின் அடிப்பட்டை கருகியது. அதனருகே, இளவயதில் இறந்த மகனின் கபறின் தலைமாட்டில் ஒரு தாய் நட்டு வளர்த்திருந்த மருதாணிச் செடி முற்றிலும் எரிந்துபோயிற்று. பராஅத் இரவு கடந்து, பகலில் அந்த அம்மா தம் பேரனுடன் வந்து சுவருக்கு வெளியே நின்று பார்த்தார்கள். நம்மை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. நாமே சென்று மன்னிப்புக் கேட்டோம். "வேணும்னா செஞ்சீங்க, ஹஜ்ரத்?" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார்கள்.

கபர்ஸ்தானில் வளரும் பச்சைப் புல்லையும் செடியையும் வெட்டுவதை நம் ஹனஃபி சட்ட நூல்கள் மக்ரூஹ் என்கின்றன, காய்ந்ததை அகற்றலாம். பசுமையாக இருக்கும் வரை அது அல்லாஹ்வைத் துதிக்கிறது என்பதே காரணம். நபி (ஸல்) அவர்கள் பச்சை மட்டை ஒன்றைப் பிளந்து இரு கபறுகளின் மீது நட்ட நிகழ்ச்சியையும் இதனுடன் சேர்த்தே பாடம் நடத்துவோம். ஆண்டுதோறும் இதை நடத்தியவர்கள் நாமே. ஆண்டுதோறும் தீக்குச்சியைக் கிழித்தவர்களும் நாமே. எது பச்சை, எது காய்ந்தது என்று பிரித்துப் பார்க்கும் ஃபிக்ஹ் நெருப்புக்குத் தெரியாது என்பது ஏன் நமக்கு அதுவரை உறைக்கவில்லை என்று இப்போதும் வியக்கிறோம்.

அந்த வாரமே அம்மாணவியை நாம் ஆள் அனுப்பி வரவழைத்தோம். தந்தையுடன் வந்தாள். மையவாடியைச் சாலையிலிருந்து பார்த்திருந்தாள் போலும். கண்டிக்கவில்லை, கேள்விதான் கேட்டாள். எத்தனை ஆண்டுகளாக எரிக்கிறோம்? 2017 முதல். ஒவ்வோர் ஆண்டுமா? 2020இல் மட்டும் ஊரடங்கினால் இல்லை. எந்த மாதத்தில்? பராஅத்துக்கு முந்தைய வாரத்தில் என்றோம். அவள் எழுந்து, கரும்பலகையில் ஆண்டுகளை வரிசையாக எழுதி, எதிரே ஆங்கில மாதத்தைக் குறிக்கத் தொடங்கினாள். 2017இல் பராஅத் மே நடுவில் வந்தது. 2019இல் ஏப்ரல் மூன்றாம் வாரம். 2021இல் மார்ச் இறுதி. 2023இல் மார்ச் முதல் வாரம். 2025இல் பிப்ரவரி நடுப்பகுதி. பிறை ஆண்டு பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்வதால், நாம் மூட்டிய தீயும் கத்திரி வெயிலிலிருந்து பனிக்காலத்தின் கடைசி வரை தானாக நகர்ந்து வந்திருக்கிறது. மாணவர்களுக்குப் பிறைக்கணக்குச் சொல்லிக்கொடுக்கும் நாம் இதை ஒரு முறையும் எண்ணிப் பார்த்ததில்லை.

"எந்த வருஷத்துத் தீ ரொம்பப் பெரிசு?" என்று கேட்டாள். 2021 என்று உடனே நினைவுக்கு வந்தது. சுவருக்கு மேலே எழுந்தது. ஊரடங்கு ஆண்டில் எரிக்காததால் ஈராண்டுப் புல்லும் சருகும் சேர்ந்திருந்தன என்று விளக்கினாள். முன்பு அங்கே என்னென்ன இருந்தன என்றும் கேட்டாள். அறுகும் தும்பையும் ஆவாரையும் கொழுக்கட்டைப் புல்லும் இருந்தன. குர்பானி ஆடு பார்க்கக் காங்கயம், தாராபுரம் பக்கம் போகிறவர்கள் அந்தப் புல்லை அறிவார்கள். கிளுவை வேலிக்குள் வெள்வேல் மர நிழலில் ஆடு மாடு மேயும் கொரங்காடுகளின் உயிரே அதுதான். இப்போது நம் மையவாடியில் சீமைக்கருவேலும் பார்த்தீனியமும்தான் மிகுதி. சீமைக்கருவேல் மேலே கருகினாலும் அடித்தூரிலிருந்து முன்னிலும் அடர்த்தியாகத் தழைக்கும் இயல்புடையது. எட்டு முறை எரித்து நாம் அதற்கு இடம் ஒதுக்கிக் கொடுத்திருக்கலாம் என்று மெல்லச் சொன்னாள். 'கொடுத்திருக்கிறீர்கள்' என்று சொல்லவில்லை. முன்னும் பின்னும் எவரும் அளக்கவில்லையே, அதனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாள். ஓர் ஆலிமிடம் எதிர்பார்க்க வேண்டிய எச்சரிக்கை அந்தப் பிள்ளையின் சொல்லில் இருந்தது.

அதன்பின் நாம் மாணவராகி இரண்டு மூன்று மாலைகளில் அவளிடம் கற்றதைச் சுருக்கித் தருகிறோம்.

தீ என்பது ஒன்றன்று. பனிக்காலம் முடியும் தறுவாயில், புல்லில் இன்னும் ஈரம் இருக்கும்போது, தரைச் சருகில் முழங்காலளவு ஓடி அணையும் தீ வேறு. ஏப்ரலில், பல ஆண்டுச் சருகின் மேல், காற்றோடு சரிவில் ஏறும் தீ வேறு. மழைக்காடுகளும் சோலைகளும் மெல்லிய பட்டை உடையவை. அங்கே சிறு தீயும் பெருங்கேடு. இலையுதிர் காட்டு மரங்கள் பலவற்றுக்குத் தடித்த பட்டை உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தார், யானை ஆய்வாளர் ராமன் சுகுமார் தலைமையில், முதுமலையில் 1988இல் 50 ஹெக்டேர் காட்டை அளந்து, ஒரு சென்டிமீட்டர் தடிமன் உள்ள தண்டு முதற்கொண்டு ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, எது பிழைத்தது, எது மடிந்தது என்று அன்று முதல் எழுதி வருகிறார்கள். ஜமாஅத்தின் மவ்த்துப் பதிவேடு போல மரங்களுக்கு ஒரு பதிவேடு! தீ கடந்த ஆண்டுகளில் பெரிய மரங்களில் பெரும்பாலானவை நின்றுவிடுகின்றன. சிறு கன்றுகள் மேலே கருகி, வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கின்றன. ஆனால் அடிக்கடி எரிந்தால் அவை தலைதூக்கி மரமாகும் அவகாசம் கிடைப்பதில்லை.

நம்மை மிகவும் ஈர்த்தது சத்தியமங்கலம் காட்டுக்கு அப்பால், கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில் நடந்தது. அங்கு வாழும் சோளகர் 'தரகு பெங்கி' என்ற சருகுத் தீயைக் கோடையின் தொடக்கத்திலேயே மூட்டும் வழக்கம் உடையவர்கள். 1974இல் அம்மலை சரணாலயம் ஆனபின் அது நின்றது. தீ நின்றதால்தான் உண்ணிச்செடி காட்டை மூடியது, நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகியது என்பது சோளகர் கூற்று. இதற்கு மாறான கருத்தும் உண்டு. அங்கிலா ஹிரேமத், பரத் சுந்தரம் என்ற இரு ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட கட்டுரை, தீயும் உண்ணியும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்ற கருதுகோளை முன்வைத்தது. அதே இருவரும் பிறரும் 2012இல் எழுதிய கட்டுரை, சோளகர் கூறுவதைக் கேட்டுப் பதிவுசெய்து, தொடக்கக் கோடையின் சிறு தீ உண்ணியைக் கட்டுக்குள் வைத்திருக்கலாம் என்ற வாதத்துக்கு உரிய மதிப்பைத் தந்தது. தாம் முன்பு எழுதியதற்கு எதிராகப் பேசக்கூடிய மக்களைத் தேடிச் சென்று, ஏழாண்டு கழித்து அவர்கள் சொல்லையும் அச்சேற்றியவர்களை நாம் மனத்தில் வைத்துக்கொண்டோம். பிறகு அது பயன்பட்டது.

இதைப் படித்துவிட்டு எவரும் காட்டிலோ தோட்டத்திலோ தீ வைக்கப் புறப்பட்டுவிட வேண்டாம். காப்புக்காட்டில் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம். சோளகர் புல்லையும் சருகையும் பார்த்துத் தீ வைத்தார்கள். நாம் பிறையைப் பார்த்து வைத்தோம். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் ஒரு தலைமுறையில் கடக்கக் கூடியதன்று.

ரமலான் மார்ச்சில் வந்தது. பைத்துல்மால் அமர்வில் நாமே அந்தத் தாளை எடுத்து வைத்தோம். கேள்விகள் வந்தன, அவற்றுள் பாதி ஜனவரியில் நாம் கேட்டவையே. ஏற்றுமதி நிறுவனத்தில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் கைபேசியை நீட்டி, "சேட்டிலைட்டே எல்லாத் தீயையும் காட்டுதே, மலைக்கு எதுக்குப் போகணும்?" என்றார். நல்ல கேள்விதான். இந்திய வன அளவாய்வு நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோள் வழியாகக் காட்டுத்தீ எச்சரிக்கை தருகிறது. இன்று அதன் ஒரு புள்ளி 375 மீட்டர் அளவுக்கு நுணுகியுள்ளது. ஆனால் அந்தப் புள்ளி, அங்கே சூடு இருக்கிறது என்று மட்டும் சொல்லும். யார் வைத்தார், எதற்கு வைத்தார், மறு மழைக்குப் பின் என்ன முளைத்தது என்று சொல்லாது. இலைக்கூரைக்கு அடியில் தாழ்ந்து ஓடும் சிறு தீ அதன் கண்ணுக்குத் தப்பவும் கூடும். நாட்டின் காடுகளில் 36 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பரப்பு அடிக்கடி தீப்பற்றக் கூடியது என்று அதே நிறுவனத்தின் 2019 அறிக்கை கூறுகிறது. அவ்வளவு பரப்பையும் புள்ளிகளைக் கொண்டே அறிந்துவிட முடியுமா என்று அவள் சொல்லிக்கொடுத்தபடியே நாம் ஒப்பித்தோம்.

அடுத்து, ஜகாத்தில் கொடுக்கலாமா என்ற வினா. நாம் முஃப்தி அல்லர். எனினும் இதில் சிக்கல் இல்லை. வயது வந்த பெண், நிஸாப் அளவு சொத்து இல்லாதவள். என்ன படிக்கிறாள் என்பதற்காக அன்று, ஏழை என்பதற்காகவே அவள் உரியவள். ஆனால் நம் மத்ஹபில் 'தம்லீக்' உண்டு: பெறுபவரை முழு உரிமையாளராக்கிவிட வேண்டும். கொடுத்தபின் கணக்குக் கேட்பதற்கும், இதற்குத்தான் செலவிட வேண்டும் என்று கட்டுவதற்கும் நமக்கு உரிமை இல்லை. "அப்ப அந்தக் காசுல கம்மல் வாங்கிக்கிட்டா?" என்றார் ஒரு பெரியவர். வாங்கிக்கொள்ளட்டும் என்றோம். சபை சிரித்தது. கடைசியில் பன்னிரண்டாயிரம் ஜகாத்திலிருந்து, கணக்குக் காட்ட வேண்டிய ஜீப் வாடகையும் அச்சுச் செலவும் பொது நன்கொடையிலிருந்து என்று முடிவாயிற்று. 27ஆம் இரவுக்கு முன் அவள் கையில் சேர்ந்தது.

பணம் கொடுப்பது ஆதரவில் எளிய பகுதி என்பது பிறகுதான் விளங்கியது. கோடையில் தீ அபாயத்தால் காட்டுக்குள் விடுவதில்லை; பின் பருவமழை. அனுமதியோடு அவள் மலையேறியபோது டிசம்பர் ஆகிவிட்டது. வழிகாட்டும் பேராசிரியையும் இரண்டு வகுப்புத் தோழியரும் உடன் சென்றனர். முதல் பயணத்தில் அவளுடைய அண்ணன் மூன்று நாள் தறியை நிறுத்திவிட்டுத் துணையாகப் போனார். அந்த மூன்று நாள் கூலி எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. நம் பைத்துல்மால் கொடுத்ததைவிட அது பெரிய தொகை என்று நாம் கருதுகிறோம்.

திரும்பி வந்ததும் அவள் சொன்ன முடிவு சபைக்கு ஏமாற்றமாயிற்று. ஒரு முதியவர் சிறு தீ வேண்டும் என்கிறார். அடுத்த வீட்டுக்காரரே வேண்டாம் என்கிறார். தீத்தடுப்புக் காவலராகக் கூலிக்குப் போகும் இளைஞர்கள் வாய் திறக்கவே தயங்கினார்கள். சொன்னால் வழக்கு வருமோ என்ற அச்சம். ஆகவே அவள் எவர் பெயரையும் எழுதவில்லை, எவரையும் படம் எடுக்கவில்லை. "நாலு போட்டோவாவது வேணாமா, ஜமாஅத் குரூப்ல போடறதுக்கு?" என்று கேட்டார், கம்மலைப் பற்றிக் கேட்ட அதே பெரியவர். "அவங்க நம்பிச் சொன்னது அமானத், நன்னா" என்று அவள் சொல்லவும் அவர் பேசாமல் இருந்துவிட்டார். "அப்ப தீ நல்லதா கெட்டதா, அதைச் சொல்லும்மா" என்று இன்னொருவர் விடவில்லை. இன்னும் தெரியாது என்றாள். அந்த இடத்தில்தான் 2005ஐயும் 2012ஐயும் நாம் எடுத்துச் சொன்னோம். முகங்களைப் பார்த்தால் எல்லோரும் ஏற்றுக்கொண்டதாகத் தோன்றவில்லை.

அன்றிரவு அவள் வேறொன்று கேட்டாள். சிறுவயதில் நாம் நடத்திய 'ஹிமா' பாடம் நினைவிருக்கிறது, அதை மீண்டும் காட்ட முடியுமா என்றாள். புகாரியை எடுத்தோம். நபி (ஸல்) அவர்கள் நகீஃ என்ற இடத்தைக் காப்பு மேய்ச்சல் நிலமாக ஒதுக்கினார்கள். உமர் (ரலி) அவர்கள் ரபதாவை ஒதுக்கினார்கள். ஹிமாவுக்குப் பொறுப்பாக ஹுனைய் என்பவரை அமர்த்தியபோது உமர் (ரலி) கூறிய அறிவுரை அதில் உள்ளது: சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டும் உடைய எளியவரை உள்ளே விடு; இப்னு அவ்ஃபின் மந்தையையும் இப்னு அஃப்பானின் மந்தையையும் விடாதே; அவர்களுடைய கால்நடை அழிந்தாலும் பேரீச்சந்தோப்பும் விளைநிலமும் உண்டு, எளியவனுக்கு வேறு எதுவும் இல்லை. நிலத்துக்கு வேலியிடும்போதே, வேலியால் எவர் வாழ்வு முடங்கும் என்று முதலில் பார்த்திருக்கிறார்கள். இங்கே 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. வன உரிமைச் சட்டம் 2006இல்தான் வந்தது. சோளகருக்கு அதன்படி சமூக உரிமைப் பட்டயம் கிடைத்தது 2011இல். அவள் ஹுனையின் பெயரைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். ஆய்வேட்டில் அது இடம்பெறுமா என்று கேட்டோம். பேராசிரியை விட மாட்டார் என்று சிரித்தாள்.

இவ்வாண்டு பராஅத் பிப்ரவரி முதல் வாரத்தில் வருகிறது. தீ வைக்கவில்லை. மையவாடிக்குள் ஜேசிபியைக் கொண்டுபோக முடியாது. மீசான் கற்களுக்கு இடையில் கடப்பாரையால்தான் கருவேலந் தூரைத் தோண்ட வேண்டியிருக்கிறது. ஐந்து நாள் ஆள் கூலி ஆகிறது, பொருளாளர் முணுமுணுக்கிறார். காய்ந்த புல்லை மட்டும் அறுக்கும்படி மூத்த மாணவர்களுக்குச் சொல்லியுள்ளோம். பச்சையையும் சேர்த்து அறுத்த ஒருவனிடம், சென்ற ஆண்டைய செயலை வைத்துக்கொண்டு, நம்மால் கடிந்து பேச முடியவில்லை.

அவள் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கிக் கொடுத்திருக்கிறாள். நிலத்தை நான்காகப் பிரித்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை எண்ணி எழுத வேண்டும். நேற்று முதல் பக்கத்தை மக்தப் மாணவன் ஒருவன் எழுதினான்: ஷஅபான் 8. கிழக்கு மூலை. கருவேலந் தூர் 14, தோண்டியது 9. வேம்பு, பட்டை கருகியது, இலை உண்டு. மருதாணி, அடியில் இரண்டு தளிர், ஒரு சாண்.